கையெழுத்திடாத அரசன்

பேனாவை அவன் தொடவில்லை.

எதிரே தூதர் காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே, துறைமுகத்தில், போர்க்கப்பல் புகை கக்கிக்கொண்டிருந்தது. அதுவும் அவனுக்காகத்தான்.

‘மணிமுடியை மூன்று வல்லரசுகளிடமும் திரும்ப ஒப்படைக்கிறேன்.’

காகிதத்தில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

திரும்ப.

அந்தச் சொல்லைத் தாண்டி அவன் கண் நகரவில்லை.

சென்ற வசந்தத்தில்தான் இந்த நாடு பிறந்தது. ஒரு பழைய சாம்ராஜ்யம் உடைந்த இடத்தில் மிஞ்சிய மலைகள், ஒரு துறைமுகம். யார் ஆள்வது என்று வல்லரசுகள் கூடிப் பேசின. இங்கே யாரையும் கேட்கவில்லை. எங்கோ வடக்கே, பனி விழும் ஒரு சிற்றரசின் மூன்றாவது மகனைப் பிடித்து அனுப்பின.

அவனையும் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

வந்து இறங்கினான். பீரங்கி முழங்கியது. கரையில் நின்ற குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

இலை உதிர்வதற்குள் மலைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். கப்பலில் வந்தவன் கப்பலிலேயே போகட்டும் என்றார்கள். இப்போது நகரத்துப் பாலம்வரை வந்து நிற்கிறார்கள். காவல்படையில் பாதிப் பேர் அவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“தாமதிக்க வேண்டாம், இளவரசே” என்றார் தூதர். நேற்றுவரை ‘அரசே’ என்றவர். “சின்னக் கையெழுத்து. அப்புறம் உங்கள் தந்தையின் கோட்டை, உங்கள் வேட்டை நாய்கள்.”

“நான் போட்டுவிட்டால், அடுத்து யார்?”

“உங்களுக்கு ஏன் அந்தக் கவலை? இளவரசனுக்கா பஞ்சம்?”

அவன் எழுந்தான்.

பதில் சொன்னான். தாய்மொழியில் அல்ல. இந்த நாட்டு மொழியில்.

தூதருக்குப் புரியவில்லை. கதவருகே நின்ற ஓட்டிலியாவைப் பார்த்தார். அவன் மனைவி. சந்தையில் மீன்காரிகளோடு பேரம் பேசியே அந்த மொழியைப் பிடித்தவள். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

“உங்களுடையதாக இருந்தால்தானே திருப்பித் தருவதற்கு என்கிறார்” என்றாள். “நடுவில் ஒரு கெட்ட வார்த்தை. அதை விட்டுவிட்டேன்.”

பேனாவைத் தூதரே மூடிவைத்தார்.

அவர் படியிறங்கிப் போனதும் ஓட்டிலியா கேட்டாள். “பெட்டி கட்டட்டுமா?”

“ஒன்று போதும். நடக்க வேண்டியிருக்கும்.”

பாலம் நிறையத் துப்பாக்கிகள்.

ஆணும் பெண்ணுமாய் இரண்டு பேர் நடந்து வருவதைப் பார்த்து அவை ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

முன்னால் நின்றவன் ஸெஃபார், மலைக்காரர்களின் தலைவன். அவன் தம்பியைச் சென்ற மாதம் அரச படை சுட்டுக் கொன்றிருந்தது. உத்தரவு அரசன் பெயரில்தான் போயிருந்தது.

அது தெரிந்தேதான் இளவரசன் வந்தான்.

“கப்பல் அந்தப் பக்கம் நிக்குது” என்றான் ஸெஃபார். “இங்க எதுக்கு வந்த?”

“அவங்க சொன்னா நான் போகாது. நீங்க சொன்னா போகும்.”

கூட்டம் சிரித்தது. ஸெஃபார் சிரிக்கவில்லை.

“போகாது இல்ல. போக மாட்டேன்.”

“போக மாட்டேன்.”

இந்த முறை துறைமுகத்தைப் பார்த்துச் சொன்னான். உரக்க.

சிரிப்பு நின்றுவிட்டது.

“எந்தம்பியச் சுட்டது உன் ஆளுங்க.”

“ஆமா.”

“வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?”

“இல்ல.”

ஓட்டிலியா பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

ஸெஃபார் ஆற்றைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

“சரி. நாங்க சொல்றோம். போ.”

இளவரசன் இடுப்பு வாளை அவிழ்த்தான். மண்டியிடவில்லை. தலையும் குனியவில்லை. நின்றபடியே நீட்டினான்.

ஸெஃபார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஒரு நாடு கைமாறியது. காகிதம் இல்லை. சாட்சிக்குக் கப்பலில் தொலைநோக்கியோடு தூதர் இருந்தார்.

கடல் வழி வேண்டாம் என்றான் இளவரசன். மலை வழியே நடந்தார்கள். ஸெஃபாரும் சில ஆட்களும் கூடவே வந்தார்கள். காவலுக்கா துணைக்கா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. செங்குத்தான ஓர் ஏற்றத்தில் ஒருவன் ஓட்டிலியாவின் பெட்டியைக் கேட்காமலே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

வல்லரசுகள் சும்மா இருக்கவில்லை. இன்னோர் இளவரசனைத் தேடிப் பிடித்து அனுப்பத்தான் செய்தன. அதற்குள் மலைத் தலைவர்களும் துறைமுகத்துக்காரர்களும் கூடித் தங்களுக்கென்று ஒரு சபை அமைத்துவிட்டார்கள். இறங்க விடாத கரையைப் பார்த்தபடி குளிர்காலம் முழுக்க நின்றுவிட்டு, அவன் வந்த கப்பல் திரும்பிப் போனது.

அது பிறகு நடந்தது.

அன்று எல்லைக் கல்லருகே ஸெஃபார் நின்றுவிட்டான். பெட்டி கை மாறியது. யாரும் வணங்கவில்லை. யாரும் காறித் துப்பவுமில்லை. அவர்கள் இருவரும் சரிவில் இறங்கத் தொடங்கினார்கள்.

“போயிட்டு வாங்க” என்றான் ஸெஃபார்.

எப்படி அது வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

இளவரசன் திரும்பினான். ஸெஃபாரைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் அடுக்கடுக்காக எழுந்துபோன மலைகளைப் பார்த்தான்.

“வரேன்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கினான்.

அதன் குழலைப் பிடித்து, மெல்ல, தரைக்குத் தாழ்த்தினான் ஸெஃபார்.