நேரு நலமாக இருக்கிறார்

"நேத்து நேரு டில்லியில பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுத்தாராம் பெரியப்பா. ஆளு தெம்பா இருக்காராம்."

பேப்பரை மடித்துக்கொண்டு பொன்னுத்துரை எழுந்தான். கண் தெரியாத ஆண்டிச்சாமியின் முகம் மலர்ந்துபோயிற்று. "மகராசன் நல்லா இருக்கட்டும்" என்று வடக்குப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

அது அறுபத்தாறாம் வருஷம், மாசி மாதம். நேரு கண்ணை மூடி ஒன்றே முக்கால் வருஷம் ஆகியிருந்தது.

சேதி வந்த அன்று பொன்னுத்துரைதான் வீடு வீடாக ஓடினான். "பெரியப்பாவுக்கு நேருன்னா உசுரு. போன மாசந்தான் நெஞ்சுவலி வந்து பொழைச்சாரு. இது காதுல விழுந்தா அன்னைக்கே போயிருவாரு. யாரும் மூச்சு விட்றாதீங்க" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

ஊரே வாயை மூடிக்கொண்டது. பஞ்சாயத்து ரேடியோவின் சத்தம் தோட்டத்து வீடு வரைக்கும் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று அவனை மெச்சினார்கள். மெச்சாமல் என்ன செய்வார்கள்! ஒரு நாள் தவறாமல் வந்து, இல்லாத நேருவை இருப்பதாகப் படித்துக் காட்டினானே!

இன்றைக்கு அதைவிடப் பெரிய காரியம். சாணார்பட்டியில் இருக்கிற நாலு ஏக்கர் கிணற்றுத் தோட்டத்தை ஆண்டிச்சாமி முத்துப்பேச்சி பேருக்கு எழுதி வைக்கப் போகிறார். அவள் அவர் பெற்ற மகள் இல்லை. அய்யலூர் ஆட்டுச் சந்தையில் நாதியற்று அழுதுகொண்டு நின்ற குழந்தையைத் தூக்கி வந்து வளர்த்தார். எழுத்து இல்லையென்றால், சட்டப்படி நிலம் தம்பி மகன் பொன்னுத்துரைக்குத்தான். அய்யா கண்ணை மூடிய மறுநாளே முத்துப்பேச்சி தெருவில் நிற்க வேண்டியதுதான்.

பொன்னுத்துரையோ, "தாராளமா எழுதிக் குடுங்க பெரியப்பா. இத்தனை வருசமா உங்களுக்குச் சோறு போடுறது அவதானே? எனக்கு எதுக்கு மண்ணு?" என்று சொல்லிவிட்டான். முத்துப்பேச்சி அழுதேவிட்டாள். இப்படியும் ஒரு மனுஷனா!

"அண்ணே, சாட்சிக்கு மூக்கையா மாமாவைக் கூட்டிக்கிருவோமா? பக்கத்துத் தோட்டத்துக்காரரு..." என்று கேட்டாள்.

"அவரா? ஓட்டை வாயி. வழியில நேரு செத்ததை உளறிப்புட்டா என்ன பண்றது? வேணாம் தாயி. அங்ஙனயே யாரையாச்சும் பிடிச்சுக்கிருவோம்" என்றான் குரலைத் தாழ்த்தி. பஸ்ஸில் எவனாவது அரசியல் பேசித் தொலைப்பான் என்று வில்வண்டியே கட்டினான்.

திண்டுக்கல் பத்திர ஆபீஸ் வாசலில் நின்ற இரண்டு பேர் சாட்சிக்கு வந்தார்கள். ரிஜிஸ்தரார் பத்திரத்தைப் படித்துவிட்டு, மேஜையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்தார்.

"பெரியவருக்குப் புத்தி சரியில்லைன்னு மொட்டைக் கடிதாசி வந்திருக்கு. நாலு கேள்வி கேக்காம நான் பதிய முடியாது."

முத்துப்பேச்சி அந்தக் காகிதத்தையே வெறித்துப் பார்த்தாள். எந்தப் பாவி எழுதினான்? ஆண்டிச்சாமி மட்டும் சிரித்தார். "நல்லாக் கேளுங்கய்யா."

பேர், ஊர், தோட்டத்தின் நாலு எல்லை, யாருக்கு எழுதுகிறார், ஏன் எழுதுகிறார், எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னார். ரிஜிஸ்தரார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"கடைசியா ஒண்ணு. இப்ப நம்ம நாட்டுப் பிரதம மந்திரி யாரு?"

"நேரு."

"அய்யா..." என்று பதறிக்கொண்டு முத்துப்பேச்சி முன்னால் வந்தாள்.

"நீ சும்மா இரும்மா. சொத்தை வாங்கிக்கிறவ நீ, வாயைத் திறக்கக் கூடாது" என்று அதட்டிவிட்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லும் பெரியவரே" என்றார் ரிஜிஸ்தரார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நேத்துக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுத்திருக்காரு."

வாசல் சாட்சிகள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ரிஜிஸ்தரார் பேனாவை மூடினார். "நேரு செத்து ரெண்டு வருசம் ஆகப்போகுது. அவருக்கு அடுத்து வந்தவரும் போன மாசம் போயிட்டாரு. இப்ப நேருவோட மகதான் பிரதம மந்திரி."

ஆண்டிச்சாமி நெஞ்சைப் பிடிக்கவில்லை, கீழே விழவும் இல்லை. முகம் மட்டும் வெளிறிப்போயிற்று.

"அவருக்கு ஒண்ணும் இல்லைங்கய்யா!" முத்துப்பேச்சி கத்தினாள். "நெஞ்சுவலிக்காரருன்னு ஊரே சேந்து மறைச்சுட்டோம். இந்த அண்ணன்தான் தெனமும் பொய்யாப் பேப்பர் படிச்சுக் காட்டுனாரு. வேணும்னா அவரையே கேளுங்க!"

ரிஜிஸ்தரார் பொன்னுத்துரையைப் பார்த்தார். "எழுதிக்குடுக்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்ததே நீர்தானே? நீர் சொன்னா நம்புறேன். இந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

ஆண்டிச்சாமி காற்றில் துழாவிக் கையை நீட்டினார். "சொல்லு அப்பு. நீதானேப்பா படிச்சே..."

பொன்னுத்துரை அந்தக் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டான். மறு கையால் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தான்.

"ரெண்டு வருசமா இப்படித்தாங்கய்யா. செத்துப்போன எங்க பெரியம்மாவும் தெனம் வந்து சோறு ஊட்டுதுங்கிறாரு."