பறக்காத பூச்சி

விடிந்த பிறகும், பூச்சி பார்ப்பதற்காகத் தோட்டத்துக் கொடியில் தொங்கவிட்ட வெள்ளைப் போர்வைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. ராத்திரி அந்த வெளிச்சத்துக்கு வந்த விட்டில்பூச்சிகள் துணியோடு துணியாக ஒட்டிக் கிடக்கின்றன. தையல்காரரின் மனைவி பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி, சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோல ஒவ்வொன்றையும் பேர் சொல்லி அழைக்கிறாள். அரளிச்செடியில் வளர்ந்த, 'பருந்து விட்டில்' என்ற பெரிய பச்சைப் பூச்சிக்குத் தனி மரியாதை. ஓரத்திலிருக்கும் பழுப்புப் பூச்சி முன்னால் மட்டும் பேர் தெரியாமல் நிற்கிறாள். மெல்லிய வரிகளோடு இறக்கை விரிந்திருக்கிறது. ஊதிப் பார்க்கிறாள், அசையவில்லை. "என்னங்க, இங்க வாங்களேன்! இத இதுவரைக்கும் நான் பாத்ததே இல்ல!" டீ கிளாஸோடு வந்த தையல்காரர் குனிகிறார். அடக்கிய சிரிப்பில் மீசை துடிக்கிறது. "எவ்ளோ ஊதினாலும் அது பறக்காது. கிழிசலுக்கு நான் போட்ட தையல். வெள்ளை நூல் தீந்துபோச்சு, பழுப்புல போட்டேன்." சொல்லிவிட்டு, சுற்றியிருக்கும் நிஜப் பூச்சிகளைப் போட்டியில் ஜெயித்தவர்போல ஒரு பார்வை பார்க்கிறார். அவள் முகம் மலர்கிறது. "என் கண்ணையே ஏமாத்திடுச்சே உங்க கை!" என்றவள், கண்ணாடியை மறுபடியும் தையல்மேல் வைக்கிறாள். "ஆனா, தலையில ரெண்டு கொம்பு இருக்கணுமே. எங்க?" தையல்காரர் கிளாஸைத் தரையில் வைக்கிறார். காலரில் குத்தியிருக்கும் ஊசியை உருவுகிறார்.