ஒற்றைச் செருப்பு விற்கப்படும்

"ஒத்தைச் செருப்பா? ஏம்மா, காலங்காத்தால என்னைக் கிண்டல் பண்ணத்தான் போன் போட்டீங்களா?"

ஆம்பூரில் செருப்புத் தயாரிக்கும் இளையபெருமாள் மறுமுனையில் சிரித்தார். கூத்தாநல்லூரில் போனைப் பிடித்திருந்த குந்தவை சிரிக்கவில்லை.

"கிண்டல் இல்லண்ணே. வலது கால் செருப்பு வேணும்னு ஆர்டர் வந்தா வலது மட்டும் அனுப்புங்க. இடதுன்னா இடது மட்டும். சர்க்கரைக்காரங்க போடுற உங்க மெத்துச் செருப்புதான் வேணும்."

"மிச்ச செருப்பை என் தலையில கட்டிட்டுப் போயிடுவீங்க. ஜோடியை உடைக்கிற பழக்கமே நம்மகிட்ட கெடையாதும்மா."

போனை வைத்துவிட்டார்.

குந்தவையும் அவள் சிநேகிதி பர்வினும் பத்து மாதமாக இணையத்தில் கடை நடத்துகிறார்கள். சரக்கு வாங்கி அடுக்குவதில்லை. படம் போட்டு ஆர்டர் பிடிப்பது இவர்கள் வேலை. பார்சல் கட்டி வாங்குபவர் வீட்டுக்கே அனுப்புவது தயாரிப்பாளர் வேலை. டிராப்ஷிப்பிங் என்று அதற்குப் பெயர்.

முதலில் செல்போன் கவர் விற்றார்கள். பிறகு சீரியல் லைட். பிறகு காய் நறுக்கும் டப்பா. எதை எடுத்தாலும் அதையே ஆயிரம் பேர் விற்றார்கள். இவர்கள் பத்து ரூபாய் குறைத்தால் இன்னொருவன் இருபது குறைத்தான். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்த பார்சல்கள் மிச்சத்தையும் தின்றன.

இணைய வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒற்றைச் செருப்பு யோசனையை குந்தவை போட்டபோது, பதிலுக்கு நாற்பது சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன. அவளுடைய அண்ணன் செந்தில்குமாரும் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டுச் சத்தம் போட்டான்.

"ஊரே சிரிக்குது உன்னை. பேசாம கவரிங் நகை செட்டு போடு. இப்ப அதுதான் ஓடுது."

பக்கத்திலிருந்த பர்வின் போனை வாங்கிச் சொன்னாள். "ஓடுறது பின்னாடி ஓட எங்களால ஆகாதுண்ணே. நாங்க நிக்கிற இடத்துக்கு ஜனம் வரட்டும்."

மறுநாளும் குந்தவை இளையபெருமாளைக் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். ஐந்தாம் நாள் அவரே அலுத்துப்போய்ப் பேச்சுக்கு இறங்கினார்.

"சரி, இதுல எனக்கு என்ன லாபம்? சொல்லுங்க."

"கடைக்காரங்களுக்கு ஜோடி நானூறுக்குக் குடுக்குறீங்க. நான் ஒத்தைக்கு இருநூத்தம்பது தர்றேன். ரெண்டு ஒத்தை போனா உங்களுக்கு நூறு ரூபா கூட."

"நீங்க என்ன விலைக்கு விப்பீங்க?"

"நானூறு. இன்னைக்கு எழுநூறு குடுத்து ஜோடி வாங்கி, ஒண்ணைத் தூக்கிப் போடுறவங்களுக்கு முந்நூறு மிச்சம்."

"அப்படி எத்தனை பேரும்மா இருக்கப்போறாங்க?"

"சர்க்கரையில கால் எடுத்தவங்க, விபத்துல கால் போனவங்கன்னு திருவாரூர், மன்னார்குடி பக்கம் மட்டும் நூத்திப் பன்னெண்டு பேர்கிட்ட பேசிட்டேன். வலது செருப்பு வேணுங்கிறவங்க அறுபத்தோரு பேரு. இடது அம்பத்தோரு பேரு."

"செயற்கைக் கால் மாட்டினா ஜோடிதானே வேணும்?"

"மாட்டுறவங்களுக்குச் சரி. உறுத்துதுன்னு கழட்டி மூலையில வச்சிட்டவங்களும் இருக்காங்கண்ணே. அவங்ககிட்ட இதுவரைக்கும் எந்தக் கடைக்காரராவது என்ன வேணும்னு கேட்டிருக்காரா?"

இளையபெருமாள் பேச்சைத் தொழில் பக்கம் திருப்பினார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். சைஸ் ஒத்துப்போகணும், கலர் ஒத்துப்போகணும். ஒரே ஜோடியை ரெண்டு பேர் தலையில பிரிச்சுக் கட்டுறது நடக்காது."

"நடக்கும்."

"அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"நேர்ல வாங்க, சொல்றேன்."

திருவாரூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், நிஜமாகவே ஒரு சாயங்காலம் கூத்தாநல்லூருக்கும் வந்துவிட்டார். பர்வின் வீட்டு முன்னறையில், கம்ப்யூட்டர் வைத்த மேசைக்குப் பின்னால் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். "வாங்கண்ணே, உக்காருங்க" என்று சிரித்தார்களே தவிர, வயதில் பெரியவர் வந்திருக்கிறாரே என்று ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. திமிர் பிடித்தவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"நான் நேரா விஷயத்துக்கு வர்றேன்" என்றார். "உங்க கணக்கெல்லாம் பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. வியாபாரம் வேற. இந்த வீம்பை விட்டுட்டு, பையோ நகையோ வித்துப் பொழைச்சுக்குங்க."

"அதைச் சொல்ல ஏற்கெனவே நாப்பது பேரு இருக்காங்க" என்றாள் குந்தவை. "நீங்க தரலைன்னா வேற கம்பெனியைக் கேப்பேன். அவங்களும் தரலைன்னா அதுக்கடுத்த கம்பெனி. விக்கிறது என்னவோ ஒத்தைச் செருப்புதான்."

இளையபெருமாளுக்கு முகம் சிவந்தது. எழுந்தார்.

"சரிம்மா, ஒண்ணு பண்ணுங்க. ஒரே ஜோடியை ஆளுக்கு ஒண்ணாப் போட்டுக்கிற ரெண்டு பேரை எனக்குக் காட்டுங்க. முந்நூறு ஜோடியை நாளைக்கே உடைச்சுத் தர்றேன்."

விறுவிறுவென்று வாசலுக்குப் போய்த் தன் செருப்பை மாட்டினார்.

"கொஞ்சம் நில்லுங்கண்ணே, நாங்களும் வர்றோம்."

உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டது. இளையபெருமாள் திரும்பிப் பார்த்தார். குந்தவையும் பர்வினும் ஊன்றுகோல்களோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

படியோரம் கிடந்தது ஒரே ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. அதில் இடதை குந்தவை தன் ஒற்றைக் காலில் மாட்டிக்கொள்ள, வலதுக்குள் தன் ஒற்றைக் காலை நுழைத்தபடி பர்வின் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில பழக்கமானதுலேருந்து இது எங்களுக்கு அஞ்சாவது ஜோடிண்ணே."