வாகனம் எதுவும் இல்லை

தடுப்புக் கட்டைக்கு முன்னால் கார் நின்றது. திரை, "வாகனம் எதுவும் இல்லை" என்றது.

டிரைவர் காயாரோகணம் காரைப் பின்னுக்கு எடுத்து மறுபடியும் முன்னால் கொண்டுவந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு இரண்டு தரம் மின்னியது. இந்த முறை ஒரு பெண் குரலும் நல்ல தமிழில், வாகனம் எதுவும் இல்லை, நன்றி என்றது.

தஞ்சாவூரில் புதிதாகத் திறந்திருந்த மாடி பார்க்கிங்கின் வெளியேறும் வழி அது. நம்பர் பலகையைக் கேமரா படித்தால்தான் கட்டை உயரும். காலையில் கேமரா ஓடவில்லை. கட்டையைக் கையால் திறந்து எல்லா வண்டிகளையும் உள்ளே விட்டார்கள். மதியத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள்.

காருக்குள் இருந்தவர் ஒன்றியச் செயலாளர் சிங்காரவேலு. வாங்கிப் பதினைந்து நாளான வெள்ளைக் கார். முன்னால் கட்சிக் கொடி. பலகையில் எண்களைக்கூடத் தமிழில்தான் எழுதியிருந்தார்: ௭௧௮௨.

மணி ஒன்று இருபது. மூன்று மணிக்கு வலங்கைமானில் அவருக்குப் பத்திரப் பதிவு. இரண்டு மா நஞ்சை நிலம். மறுநாள் காலை கோர்ட்டில் தடை உத்தரவு வந்துவிடும். அதனால் இன்றைக்கே முடித்தாக வேண்டும்.

நான் அந்தக் காருக்கு நேர் பின்னால், என் மொபெட்டில் இருந்தேன்.

கூண்டிலிருந்து வேம்பு இறங்கி வந்தாள். அங்கே பகல் வேலை பார்ப்பவள்.

"நம்பரைச் சொல்லுங்கய்யா, நானே அடிச்சுத் திறந்துடுறேன்."

சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. சிங்காரவேலு இறங்கித் துண்டைச் சரிசெய்துகொண்டார். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாதா என்று கேட்டார். தமிழ்நாட்டில் ஒரு தமிழன் வெளியே போக, தன் எண்ணைத் தானே மொழிபெயர்க்க வேண்டுமா என்றார்.

பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். ஒருவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒருவர் செல்போனில் படம் பிடிக்கத் தொடங்கினார். அதைக் கவனித்த சிங்காரவேலு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டிரைவர் இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினார். இருபத்தைந்து நிமிடம் கழித்து சிங்காரவேலு, பொதுமக்களின் சிரமத்தை முன்னிட்டு இந்த ஒருமுறை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார். வேம்பு விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள். குனிந்து பலகையைப் பார்த்தார்.

"எ... க... அ... உ."

வேம்புவின் விசைப்பலகையில் எண்கள் மட்டும்தான் இருந்தன.

வண்டி வாங்கிய கடைக்குப் போன் போட்டார்கள். சாப்பாட்டு நேரம், யாரும் எடுக்கவில்லை. ஆர்.சி. புத்தகம் வீட்டில், பூட்டிய பீரோவுக்குள். பலகை எழுதிய பெயின்டர் பட்டுக்கோட்டை ஆள். அவர் போனில், ஒரு காலண்டரைப் பார்த்து எழுதியதாகவும், அந்தக் காலண்டரைக் கிழித்துவிட்டதாகவும் சொன்னார்.

கூட்டத்தில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருந்தார். எல்லோரும் அவரை முன்னால் தள்ளினார்கள். தன் ஆய்வு இலக்கணத்தில் என்றும், எண் கணிதத் துறையைச் சேர்ந்தது என்றும் சொல்லிவிட்டு அவர் பின்னால் நகர்ந்தார்.

ஆளுக்கொரு எண்ணாகச் சொன்னார்கள். மூன்று தப்புக்கு மேல் இயந்திரம் பூட்டிக்கொண்டது. தங்கள் முயற்சிக்கு நன்றி என்றது.

இனிச் சாவி போட்டுத்தான் திறக்க முடியும். சாவி வைத்திருந்த சூப்பர்வைசர் கரந்தைக்குச் சாப்பிடப் போயிருந்தார்.

சிங்காரவேலு கடைசியாக என்னிடம் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. தம்பிக்காவது இது தெரியுமா என்று கேட்டார். தெரியலைங்கய்யா என்றேன்.

ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம் என்று டிரைவர் காதோடு சொன்னார். சிங்காரவேலு படம் பிடித்தவரின் செல்போனைத் திரும்பிப் பார்த்தார். அது இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கட்சிக் கொடி கட்டிய வண்டியைப் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறுவது எப்படி? அங்கேயே நின்றார்.

இரண்டு நாற்பதுக்குச் சாவி வந்தது. வலங்கைமானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கண்ணாடியை இறக்கி எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார்.

என் நம்பரைக் கேமரா உடனே படித்தது.

மூன்று மணி தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வலங்கைமான் பதிவு அலுவலக வாசலில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். டோக்கனைக் கூப்பிட்டார்களாம்; வாங்குகிறவர் வரவில்லையாம்.

விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சர்க்கார் அம்மாவின் தாத்தாவுக்கு எழுதிக் கொடுத்த இரண்டு மா அது. அதைத்தான் அம்மாவின் உறவுக்காரர் ஒருவரிடமிருந்து சிங்காரவேலு எழுதி வாங்கப் பார்த்தார். அந்தப் பத்திரத்தில் சர்வே எண், நான்கெல்லை அளவு, தேதி, எல்லாமே தமிழ் எண்கள். எங்கள் வக்கீலுக்கே படிக்க வரவில்லை. நான் இரண்டு மாதம் நூலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஏழு வருட வழக்கில் சிங்காரவேலு எங்கள் பக்கம் புரோக்கர்களைத்தான் அனுப்பியிருக்கிறார். என் முகம் அவருக்குத் தெரியாது. அவர் முகம் அம்மாவுக்குத் தெரியாது.

நான் இன்றைக்கு அவரை நேரில் பார்த்தேன் என்றதும் அம்மா கேட்டாள்.

"எப்படிப்பட்ட ஆளுடா?"

"நல்லாப் பேசுறாரும்மா."