சூடேற்றி வைத்த டிராக்டர்

வாருங்கள், பழைய டிராக்டர் விற்கும் இந்தத் தகரக் கொட்டகைக்குள் பட்டப்பகலில் நடக்கும் அநீதியைப் பாருங்கள்! புதுச்சாயம் பூசிய சின்ன டிராக்டர் ஒன்றின் முன்னே, முதன்முதலாக வண்டி வாங்க வந்த பெண் நிற்கிறாள். இதை நம்பி உழவுமாடுகளை விற்றுவிட்டாள். "வாரக்கணக்கா யாரும் தொடவே இல்ல தங்கச்சி, இப்போ பாருங்க, ஒரே திருகு!" என்கிறார் வியாபாரி. அவர் சாவியைத் திருகுமுன்பே அவள் உள்ளங்கை எஞ்சினின் முன்மூடியில் படிகிறது. வெயிலே எட்டாத நிழலில் இரும்பு கொதிக்கிறது. குளிர்ந்த நிலையில் கிளம்பாத எஞ்சினை, அவள் வருமுன்னே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள்! "சூடா இருக்கே அண்ணே" என்று கூட வந்த அண்ணனிடம் முணுமுணுக்கிறாள். "அவரு என் கூட்டாளி. மானத்த வாங்காத" என்று பல்லைக் கடிக்கிறான் அண்ணன். "தங்கச்சி ஜுரம் பாக்குது, டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்!" என்கிறார் வியாபாரி; சுற்றி நிற்கும் கூட்டத்தோடு கொட்டகையே சிரிக்கிறது. அவர் சாவியைத் திருகியதும் எஞ்சின் உடனே கிளம்புகிறது, உறுமுகிறது; அவரே அதை அணைக்கிறார். வெளியேற வழியற்ற புகை கூரைக்கடியில் தேங்குகிறது. பின்னால் அண்ணன், முன்னால் வியாபாரி, இடுப்பை உரசியபடி பின்சக்கரம். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறார் வியாபாரி. அவள் உதடு அசைகிறது, குரல் வரவில்லை. சுற்றி நின்று சிரிக்கும் தோழர்களே, அந்தக் குரலை நீங்கள் கொடுங்கள்! அவள் பக்கம் போய் நில்லுங்கள்! "எஞ்சின் ஆறட்டும், ஆறின பிறகு கிளப்பிக் காட்டு, அதுவரை நாங்களும் இங்கேதான் உட்கார்ந்திருப்போம்" என்று உரக்கச் சொல்லுங்கள்!