ஒத்துப்போகாத கார்டு

தன் கணவரான மாமாவுக்குப் பரிசளிக்க, வெளிநாட்டு விற்பனையாளரிடம் அக்கா வாங்கிய பழைய விளையாட்டு வீரர் படக் கார்டு இன்று வந்தது.

"நல்லாப் பாருடா. போலின்னா உன் மாமா என் மானத்தை வாங்கிடுவாரு."

என் கண்ணை நான் நம்புவதில்லை. மாமா பல வருஷமாக விலை கொடுத்துச் சேர்த்த ஆல்பத்திலிருந்து பத்துக் கார்டுகளை எடுத்து எடை போட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். பத்தும் ஒரே மாதிரி. புதியது மட்டும் கனமாக இருந்தது, வெளிச்சமும் ஊடுருவவில்லை.

"போலின்னுதான் தோணுது."

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மாமா சிரித்தார். "உங்கக்காவை எவனும் ஏமாத்தலாம். அடுத்த மாசம் வேலையை விட்டுட்டு, இந்த ஆல்பத்தை வச்சே கடை போடறேன். என்னை ஏமாத்தச் சொல்லு பார்ப்போம்!"

அக்கா விற்றவருக்குப் புகார் அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'கிழித்துப் பாருங்கள். அசலின் நடுவே கருப்புத் தாள் இருக்கும். இல்லையென்றால் பணம் வாபஸ்.'

மாமாவே கிழித்தார். நடுவே கருப்புத் தாள் இருந்தது.

மாமா ஆல்பத்திலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கிழித்தார். வெள்ளை. இன்னொன்றைக் கிழித்தார். அதுவும் வெள்ளை.

"போதும் மாமா."

"வேலையை நேத்தே விட்டுட்டேன்டா," என்றார், அக்காவைப் பார்க்காமல்.

அக்கா ஆல்பத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நிறுத்தாதீங்க. இன்னும் முந்நூறு இருக்கு."