ஊமைக் கட்டைகள்

"மத்ததைச் சரி பண்ணுங்க தம்பி. கடைசி நாலு கட்டையை மட்டும் தொடாதீங்க," என்றார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளின் முதலாளி சின்னண்ணன்.

பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்த தனபாலுக்குச் சிரிப்பு வந்தது. மேசை போல நீண்டிருக்கும் நூற்றைம்பது வருடத்துச் சதுரப் பியானோ. அதில் நான்கு கட்டைகளை ஊமையாக விட்டுப் போனால் சேலத்தில் அவன் பெயர் என்னாவது?

அவர் குளிக்கப் போனதும் கட்டைகளைக் கழற்றினான். அடியில் கைப்பிடியளவு மாத்திரைகள்.

பியானோவுக்குள் எது கிடைத்தாலும் வீட்டாரிடம் ஒப்படைப்பது அவன் வழக்கம். சின்னண்ணனின் மனைவி வசந்தாமணியிடம் கொடுத்தான்.

"தெனமும் நான் குடுக்கறதுங்க. தின்னுட்டேன்னாரே!" அவள் முகம் இறுகியது, பிறகு சிரித்தாள். "நல்லவேளை சொன்னீங்க. இனிமே பாலுல கரைச்சுக் குடுத்தர்றேன்."

குளித்து வந்த சின்னண்ணன், மனைவி நீட்டிய பாலைக் குடித்துவிட்டுப் பியானோ முன் உட்கார்ந்தார். கடைசிக் கட்டை கணீரென்று ஒலித்தது. விரல் அப்படியே நின்றது.

"தம்பி, உள்ள இருந்த மாத்திரை எங்கீங்க?"

"அம்மாகிட்டக் குடுத்துட்டனுங்க."

"அதைத் தின்னாம உட்ட பொறகுதானுங்க நான் படுக்கையை உட்டே எந்திரிச்சேன்," என்றார் சின்னண்ணன், காலி டம்ளரைப் பார்த்தபடி.